அத்தையின் இரண்டாம் கியர்

சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தையைத் தாண்டியதும் வரும் சிக்னலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையின் கார் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பச்சை விளக்கு விழுந்தது. முதல் கியரில் வண்டி நகர்ந்தது. இரண்டாம் கியருக்கு அவர் மாற்றியபோது, தகரத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து இழுத்தது போல ஒரு சத்தம். நடைபாதையில் காய்கறிப் பையோடு நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அவர்களைப் பார்க்கவில்லை. தம் இடது முழங்காலைப் பார்த்தார்.

அத்தை என்று நான் சொல்வது என் மனைவியின் அம்மாவை. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சிறிய பேருந்தை ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் தமக்கென்று பழைய கார் ஒன்றை வாங்கினார். கையால் கியர் போடும் கார். சுற்றியிருந்த எல்லாரும் தானாகவே கியர் மாறும் ஆட்டோ காருக்கு மாறிவிட்ட பிறகும், அவர், கார் வைத்திருக்கச் சிங்கப்பூர் அரசு கொடுக்கும் சான்றிதழை இன்னும் பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து வைத்துக்கொண்டார். ஆட்டோ வண்டியில் உட்கார்ந்தால் தமக்குத் தூக்கம் வருகிறது என்பார். பாசிர் ரிஸ்ஸில் அவருடைய அடுக்குமாடி புளோக்கிலேயே குடியிருந்த மூன்று பெண்களை வெள்ளிக்கிழமைதோறும் காத்தோங்கில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு அந்தக் காரில்தான் அழைத்துப் போவார். மூவருமே பேருந்து மாறி ஏறி இறங்க முடியாதவர்கள். அந்த ஒரு நாளுக்காக அவர்கள் வியாழக்கிழமையே புடவையை எடுத்து வைத்துவிடுவார்கள்.

நான் அப்போது கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத மாப்பிள்ளை. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இயந்திரப் பொறியாளனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவுள்ள கியர்ப் பெட்டிகளைத் திறந்து மூடுவது என் அன்றாட வேலை. மாமியார் வீட்டில் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன் என்று இப்போது நினைக்கும்போது தெரிகிறது. அத்தை பொறுமையாகக் கேட்பார். பிறகு, அவ்வளவு பெரிய கியரை யார் கையால் போடுவது என்று கேட்பார்.

அந்த ஆண்டு அத்தை இரண்டு வாரம் இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போனார். கார்ச் சாவியை என்னிடம் கொடுத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தும்படி சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வந்து இறங்கியதும் அவர் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. கியர்ப் பெட்டியில் எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ, நாமே மாற்றிவைப்போம், வண்டியை எடுத்ததும் "வெண்ணெய் மாதிரி இருக்கே" என்று அவர் சொல்லட்டும், அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வோம் என்று திட்டமிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஜாலான் புசார் பக்கம் ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த சீனப் பெண்மணி என்ன கார், எந்த வருடத்து மாடல் என்று கேட்டார். அதெல்லாம் எனக்குத் தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அலமாரியில் கியர் எண்ணெய்ப் புட்டிகள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் எண்ணெயின் வகை ஜிஎல் நான்கு என்று போட்டிருந்தது, சிலவற்றில் ஜிஎல் ஐந்து. நான்கைவிட ஐந்து பெரியது. இதற்குமேல் நான் யோசிக்கவில்லை. அதிலும் இருப்பதிலேயே கெட்டியானதாகப் பார்த்து எடுத்தேன். பழைய வண்டி, பல் தேய்ந்திருக்கும், கெட்டி எண்ணெய்தான் தாங்கும் என்பது என் கணக்கு. காக்கி புக்கிட்டில் இருந்த கார்ப் பட்டறைக்காரர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையா ஊற்றுவது என்று கேட்டார். இதைத்தான் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு ஊற்றினார்.

அத்தை திரும்பி வந்து வண்டியை எடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் தேக்கா சிக்னலில் அந்தச் சத்தம் வந்தது.

கிளட்ச்சை முழுவதும் மிதிக்காமல் கியர் போட்டால் அப்படித்தான் சத்தம் வரும். வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டிய அத்தைக்கு அது தெரியும். அதனால் அவர் வண்டியைச் சந்தேகிக்கவே இல்லை, தம் காலைச் சந்தேகித்தார். மறுநாளும் சத்தம் வந்தது. அதற்கு மறுநாளும். காலையில் வண்டியை எடுத்தவுடன் கூடுதலாக இருக்கும், கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் குறையும். முட்டிவலிக்காரர்களுக்கும் அப்படித்தானே, காலையில் எழுந்ததும் பிடித்துக்கொண்டு நடக்க நடக்கச் சரியாகும் என்று அத்தையே எங்களுக்கு விளக்கினார். இரண்டு வார யாத்திரையில் படி ஏறி இறங்கியதில் முழங்கால் போய்விட்டது என்று முடிவு செய்தார்.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் நல்ல எண்ணெய், விலை கூடிய எண்ணெய், நானே தேர்ந்தெடுத்த எண்ணெய். அதன்மேல் எப்படிச் சந்தேகப்படுவது? அத்தைக்கும் அறுபத்தைந்து வயதாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தை பலதுறை மருந்தகம் எனப்படும் அரசு மருத்துவ நிலையத்துக்குப் போனார். அங்கே காலைப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றுமில்லை, தசைக்கு வலுவேற்றப் பயிற்சி செய்யுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அன்று முதல் மாலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கிலோ பொன்னி அரிசிப் பையை இடது கணுக்காலில் துண்டால் கட்டி, காலை மேலே நீட்டி மடக்குவார். முப்பது முறை. வாயால் எண்ணுவார். வேலை விட்டு வரும் வழியில் மனைவியை அழைத்துப்போக அத்தை வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்ற குரல் வாசலுக்கே கேட்கும். பயிற்சி முடிந்ததும் கீழே போய் வண்டியை எடுத்து ஒரு சுற்று வருவார். சத்தம் அப்படியே இருக்கும். மேலே வந்து சமையலைக் கவனிப்பார்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை, வண்டியை விற்கப்போவதாக அத்தை சொன்னார். சனிக்கிழமை காலை தரகர் வருகிறாராம். வெள்ளிக்கிழமைப் பெண்களிடமும் சொல்லிவிட்டார். மூவரில் மூத்தவர் அழுதாராம். "இன்னிக்கு கிளட்ச் கால், நாளைக்கு பிரேக் போடுற காலும் கேக்கலைன்னா என்ன செய்வேன்? பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனவ நான். ரிஸ்க் எடுக்கக் கூடாதுலா" என்றார். குரலில் வருத்தமே இல்லை. 

புதன்கிழமை கப்பல் பட்டறையில் ஒரு பாரந்தூக்கியின் கியர்ப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு பெரிய வெண்கலச் சக்கரம் உண்டு. பொன்னிறமாக இருக்க வேண்டியது, அடுப்புக் கரி பூசியது போலக் கறுத்துக் கிடந்தது. எங்கள் மேலாளர் ஒரு விரலை எண்ணெயில் தொட்டு முகர்ந்தார். இரும்பும் இரும்பும் உரசும் இடத்துக்கான கந்தகம் கலந்த எண்ணெயை, வெண்கலம் இருக்கும் பெட்டியில் யாரோ ஊற்றியிருக்கிறார்கள் என்றார். ஊற்றுவதற்கு முன்னால் இயந்திரத்தின் புத்தகத்தை ஒருவர் திறந்து பார்த்திருந்தால் போதும் என்று பொதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. காரின் கியர்ப் பெட்டியிலும் பித்தளை வளையங்கள் உண்டு. அடுத்த கியரின் பல்லும் இந்தப் பல்லும் ஒரே வேகத்துக்கு வரும்படி பிடித்துக் கொடுப்பவை அவைதான். அவை பிடிக்க வேண்டுமென்றால் எண்ணெய் ஓரளவுக்குத்தான் வழுக்க வேண்டும். நான் ஊற்றியது இருப்பதிலேயே வழுக்கலும் கெட்டியும் கூடியது.

அன்று மாலை அத்தை அரிசிப் பையோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். காரின் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையில், பழைய பார்க்கிங் கூப்பன்களுக்கு அடியில், கையேடு இருந்தது. கியர்ப் பெட்டி எண்ணெய் என்று தேடிப் பிடித்தேன். ஜிஎல் நான்கு. பக்கத்தில் அது எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும் என்ற எண்ணும் இருந்தது. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அத்தை நீல மையால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

மறுநாள் விடுப்பு எடுத்து, ஒரு வேலை இருக்கிறது என்று அத்தையிடம் காரை வாங்கிக்கொண்டேன். ஜாலான் புசார் கடைக்குப் போய் இந்த முறை கையேட்டையே அந்தப் பெண்மணியின் முன்னால் விரித்து வைத்தேன். அவர் மூன்று புட்டிகளை எடுத்தார். ஒன்றில் நான்கு, ஐந்து என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே போட்டிருந்தது. அதைத் தாமே திருப்பி அலமாரியில் வைத்துவிட்டார். இரண்டுக்கும் பொருந்தும் என்று எழுதியிருப்பதைப் பழைய வண்டிக்கு அவர் விற்பதில்லையாம். இன்னொன்று நான்குதான், ஆனால் கெட்டி. மூன்றாவதுதான் கையேட்டில் இருந்த அதே எண். பித்தளைக்குக் கெடுதல் இல்லை என்று அதன் முதுகில் சிறிய எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

பட்டறைக்காரர் என்னை மறக்கவில்லை. எதுவும் கேட்காமல் வண்டியைத் தூக்கி, முதலில் எண்ணெய் ஊற்றும் மேல் திருகைத் தளர்த்திப் பார்த்தார். அது திறக்குமா என்று பார்க்காமல் கீழ்த் திருகைத் திறந்து காலி செய்துவிட்டால், வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான் என்றார். மேல் திருகு திறந்தது. கீழே எண்ணெய் தேன் போல மெதுவாக இறங்கியது. அழுகிய முட்டை வாடை. தட்டில் விழுந்ததை விளக்கடியில் பிடித்தபோது உள்ளே பொன்தூள் மின்னியது. நான் குனிந்து பார்த்தேன். அவர் அதை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரிதான் இருக்கிறது, சில்லு எதுவும் இல்லை, தப்பித்துவிட்டாய் என்றார். உள்ளே ஒட்டியிருப்பது கழுவிப்போக, ஒரு மாதம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றச் சொன்னார்.

பாசிர் ரிஸ்ஸுக்கு நானே ஓட்டி வந்தேன். முதல் இரண்டு சிக்னலில் லேசாக முனகியது. பிறகு இல்லை.

அத்தையிடம் சாவியைக் கொடுத்து, கடற்கரைப் பூங்கா வரை ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று கேட்டேன். விற்கப்போகும் வண்டியில் என்ன சுற்று என்றார், ஆனாலும் வந்தார். முதல் கியர். இரண்டாம் கியர். சத்தம் இல்லை. சாலை காலியாக இருந்ததால் வேகத்தைக் குறைத்து மறுபடியும் இரண்டாம் கியர் போட்டார். மூன்றாவது முறையும் போட்டுப் பார்த்தார். பிறகு இடது முழங்காலைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா மாப்பிள்ளை. எக்சர்சைஸ் வேலை செய்யுதுலா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார், வெள்ளிக்கிழமைப் பெண்கள் கோயிலுக்குப் போவார்கள், நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. பூங்கா வாசல் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாளையிலிருந்து மூன்று கிலோ கட்டப்போகிறேன் என்று அத்தை சொன்னபோதுதான் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐந்து நான்கைவிடப் பெரியது என்று நினைத்தது வரை.

அத்தை வண்டியை ஓரமாக நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்தார். 

"அப்போ என் கால்ல ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

"ரெண்டு மாசமா நான் கெழவி ஆயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாப்பிள்ளை."

 மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. அவர் முகம் கடுமையாகத்தான் இருந்தது. பிறகு வாயோரம் லேசாக அசைந்தது. அரிசிப் பை, முப்பது வரை எண்ணியது, மருந்தகத்து வரிசை என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நாயோடு நடந்துபோன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் தம் வண்டியில் எதையும் ஊற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்றார். சரி என்றேன். அன்று முதல் நான் அந்த வீட்டில் கப்பல் கியர்ப் பெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நானும் கூடப் போனேன். பின் இருக்கையில் இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். வண்டிக்கு என்னதான் ஆயிற்று என்று முன்னால் இருந்த மூத்தவர் கேட்டார். எண்ணெய் மாற்றி ஊற்றிவிட்டார்கள் என்றார் அத்தை. யார் என்று கேட்டார் அவர். "யாரோ வேலை தெரியாத ஆளு. இப்போ கத்துக்கிட்டானாம்" என்று சொல்லிவிட்டு அத்தை மூன்றாம் கியர் போட்டார். கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை. என் மனைவிக்கும் அவர் இன்றுவரை சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளுக்குமேல் அந்தக் கார் ஓடியது. எண்ணெய் மாற்றும் பொறுப்பை அத்தை என்னிடமே கொடுத்தார், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். சான்றிதழ் முடியும் நாள் வந்தது; புதுப்பிக்காவிட்டால் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும். இந்த முறை அவராகவே போதும் என்று முடிவெடுத்திருந்தார். இருவருமாகப் போய் வண்டியை ஜூரோங்கில் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் ஒப்படைத்தோம். அங்கே வேலை செய்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர் வண்டியை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சாவியோடு திரும்பி வந்தார்.

"கியர் இவ்வளவு நல்லா விழுதும்மா, இதையா ஒடைக்கக் குடுக்குறீங்க?" என்று கேட்டார்.

அத்தை என்னை முகவாயால் காட்டினார். "எல்லாம் என் மாப்பிள்ளை பாத்துக்கிட்டது. எண்ணெய் விஷயத்துல அவருக்குத் தெரியாததே கெடையாது."

கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் சொன்னார்.