மூன்றாம் கல்லூரிக்குப் போன கிண்ணம்

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை, மாலை நாலே கால், தூறல். பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் சிறந்த வீராங்கனைக்கான கிண்ணத்தைப் பேத்தி மேசையில் வைத்தாள். புதிதாக மினுக்கிய பித்தளை வாசனை.

"ஆர் தெரிவு செய்தது?"

"கப்டன்மார்தான், அம்மப்பா. சொந்த டீமுக்கு வோட்டுப் போட ஏலாது."

"ஆர் ஆருக்குப் போட்டதெண்டு விசாரிச்சனியோ?"

"ஓம், கோல் பண்ணிக் கேட்டனான். சிம்பிள்."

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் நான்கு கல்லூரிகளுக்கும் இதே விதி. வெயிலில் இளகிய தார்த் தளத்தின் ஓரத்தில், இதே வாசனையோடு கிண்ணம் இருந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் அணித் தலைவனான நான் 143 புள்ளிகள், எதிரணித் தலைவன் செல்வன் 141. எனக்கு ஒரு வாக்கு, அவனுக்கு ஒன்று. இரண்டு வாக்குகளோடு மூன்றாம் கல்லூரிப் பொடியன் ஒருவன் வென்றான். செல்வன்தான் என்னைக் கவிழ்த்தான் என்று நினைத்து, இந்த நாட்டுக்கு வந்த பிறகும் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

லிட்கம்மில் இருக்கும் அவனுக்குத் தொலைபேசினேன்.

"அண்டைக்கு நீ ஆருக்கடா போட்டனி?"

"உனக்குத்தான். நீ?"

அவன் வெல்லக்கூடாதென்று நான் அந்தப் பொடியனுக்குப் போட்டிருந்தேன். என் வாக்கு அவனுக்கு விழுந்திருந்தால் கிண்ணம் செல்வனுடையது.

"நேரில சொல்லுறன், வாறன்" என்றேன்.

மெரிலேண்ட்ஸில் என் வீட்டிலிருந்து அவன் வாசல் வரை டாக்சிக்கு முப்பத்தொரு டொலர் நாற்பது சதம்.