கடை வாசலில் பேத்தியின் படம்

படங்களுக்குப் பிரேம் போடுவது என் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை; அளவு நாடாவில் இருக்கிற எண்கள் போதும் என்று வந்துவிட்டேன். ஆனால் உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்வேன். முக்கியமாக, என் மகள் கையில் இருக்கும் போனைப் பற்றி.

மகள் கிழிந்த துணிகளைத் தைப்பவள். தைத்த இடம் எது என்று துணிக்காரருக்கே தெரியாது. தைப்பதைப் படம் பிடித்துப் போனில் போடுவாள், அதைப் பார்த்துத்தான் வேலை வரும். "அந்தப் போனையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்று திட்டுவேன். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தாள். முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டரோடு போன் வழியாக வந்தவர்தான் என் மாப்பிள்ளை. தங்கமான பையன்.

கெட்டதும் அதே வழியில்தான் வந்தது. கல்லூரியில் படிக்கும்போது எவனோ அவள் முகத்தை வெட்டி வேறொரு படத்தில் ஒட்டி ஊரெல்லாம் உலவ விட்டான். அவள் வாரக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை.

அதனால் பேத்தி பிறந்ததும் ஒரே ஒரு கட்டளை போட்டாள்.

"பாப்பா முகம் போன்ல எங்கயும் போகக் கூடாது. வளந்து அவளே முடிவு பண்ணட்டும். உனக்கு மட்டும் தினம் ஒரு படம் அனுப்புறேன். வேற யாருக்காவது அனுப்பினே, அதோட நிறுத்திடுவேன்."

அவர்கள் வீடு பஸ்ஸில் அரை நாள் தூரம். காலையில் வரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் நான் கடை ஷட்டரைத் தூக்குவதில்லை. அதனால் சொன்ன சொல் தவறவில்லை. யாருக்கும் அனுப்பவில்லை.

பிரிண்ட் போட்டேன். கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, இருப்பதிலேயே விலை உயர்ந்த தங்கக் கரை பிரேம் போட்டு, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினேன். இதில் போன் எங்கே வந்தது? எனக்கு நானே வக்கீல், நானே நீதிபதி.

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் வந்து பார்த்தார். "யாருண்ணே இது, அப்படியே உங்க வழுக்கை?"

"பேத்திப்பா."

"ஐயோ, பாவம்."

வழியில் போன ஒரு பெண் அதைப் படம் பிடித்து, 'எவ்வளவு அழகான கடை' என்று போனில் போட்டாளாம். புது ஆட்கள் தேடி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் எங்கள் தெருக் கடைக்காரர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை. 'உயிருக்குப் போராடுகிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். மகளுக்கும் அனுப்பி, "யார் பெத்த பிள்ளையோ, பாவம்மா" என்று பேசியும் அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். "அப்பா, கண்ணாடி போட்டிருக்கியா?"

"இல்லம்மா, தொடச்சிக்கிட்டிருந்தேன்."

"போட்டுட்டு அந்தப் படத்தைப் பாரு."

பார்த்தேன். குழாயை யாரோ வரைந்து ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் என் தங்கக் கரை மினுங்கியது.

"யார் பெத்த பிள்ளைன்னு கேட்டியே. நான் பெத்ததுப்பா."

"நான் யாருக்கும் அனுப்பலம்மா. பிரேம் போட்டு மாட்டினேன், அவ்வளவுதான்."

"எங்க மாட்டினே?"

"கடைக் கண்ணாடியில."

"லைட் போட்டா?"

"ரெண்டு லைட்."

அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வேலை வெட்டி இல்லாத கூட்டம் என்று நான் சொல்லிவந்த அவளுடைய போன் சிநேகிதிகள்தான் ஒன்று சேர்ந்து, புகார் மேல் புகார் போட்டு, அந்தப் படத்தைக் கண்ட இடத்தில் எல்லாம் எடுக்க வைத்தார்கள். நான் என் பங்குக்குக் கண்ணாடியில் மாட்டிய படத்தைக் கழற்றிவிட்டு, கடை கடையாக ஏறி, குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி வந்தேன். போன் இளசுகளைக் கெடுக்கிறது என்று வாய் கிழியப் பேசியவன் நான். இந்த விஷயத்தில் கெடுத்தது கிழம்.

மறுநாள் காலை படம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. போனைத் திறந்து திறந்து மூடினேன். தாங்க முடியாமல் கூப்பிட்டேன்.

"இனிமே படம் கிடையாதுப்பா. பாக்கணும்னா வந்து பாரு."

நாள் முழுக்கப் போனிலேயே இருப்பவள் சொல்கிறாள் இதை. ஷட்டரை இறக்கிவிட்டுப் பஸ் ஏறினேன்.

வாசலிலேயே மாப்பிள்ளை கையை நீட்டினார். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. போன்."

கொடுத்தேன். ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மகள் பேத்தியைக் கொண்டு வந்து மடியில் போட்டாள். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் போட்டாள். என் சட்டைப் பையில் போன் இருந்த இடத்தைப் பேத்தி பிடித்து இழுத்தாள். கழுத்தைத் திருப்பியபோதுதான் பார்த்தேன், காதுக்குப் பின்னால் கடுகளவு ஒரு மச்சம். இத்தனை படத்திலும் அது தெரிந்ததில்லை.

எந்தக் காது என்று எழுத மாட்டேன். இதை என் மகள் படிப்பாள்.