மாடியில் ஓடிய கம்பி

எண்பதுகளின் நடுவில், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு டிவி வந்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மாமா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பின்கட்டில் மூன்று குடித்தனங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றும் மாமாவின் கூடத்தில்தான் இருக்கும்.

அப்போது ஒரு இந்தித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு கிரகத்து ஆட்கள் மனித உடம்பை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன ஊரில் குடியேறிவிடுகிறார்கள். யார் மனிதர், யார் அவர்கள் என்று தெரியாமல் ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு திரிகிறது. எங்களுக்கு இந்தி தெரியாது. வடக்கே வேலை பார்த்த மாமாதான் மொழிபெயர்ப்பார். மொழிபெயர்ப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. நடிகர் மூச்சுவிடாமல் பேசினால் மாமா ஒரே வரியில் முடிப்பார்: "நம்ம ஆள் மாதிரியே இருக்கான் பாருங்கோ, ஆனா நம்ம ஆள் இல்லை." நடிகர் ஒரு வார்த்தை சொன்னால் மாமா விளம்பரம் வரும்வரை விளக்குவார். அந்த ஆட்கள் மொட்டை மாடியில் கம்பி கட்டி, அதன் வழியாகத் தங்கள் கிரகத்தோடு பேசுவார்களாம்.

எனக்கு அடுத்த குடித்தனத்தில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிடச் சின்னவள். கணவர் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். படகு கிடைக்கிற அன்று கிளம்பி வருவார். அவரிடம் இருந்தது இந்த வீட்டு விலாசம் ஒன்றுதான். நான் ஆபீஸ் விட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது அவள் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பாள். "இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்ல அக்கா" என்பாள். செய்தியில் அவள் ஊர்ப் பெயர் வராத நாள் அவளுக்கு நல்ல நாள்.

மழைக்காலம் தொடங்கியதும் டிவியில் கோடு கோடாக விழ ஆரம்பித்தது. காரணம் தேடி எல்லோரும் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அவள் வீட்டுக்கு நேர் மேலே, மாடியில் ஒரு கம்பி ஓடியது, கைப்பிடிச் சுவருக்கு மேல் அதன் ஒரு முனை மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான். ரேடியோ, கம்பி, அக்கரையில் சொந்தக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த கதைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மாடிப்படி ஏறிப் பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். யாரும் ஏறவில்லை. மாடியின் அந்தப் பக்கம் மாமி மடித்துணி உலர்த்துகிற இடம். குளித்துவிட்டு ஈரத்தோடு போய் கோலால் தூக்கிப் போடுகிற துணி, பூஜை முடியும்வரை மற்றவர் கை படக்கூடாது. துணி இல்லாத நேரத்திலும் அங்கே நாங்கள் கால் வைக்கக்கூடாது. மாமியோ டிவி பக்கமே வரமாட்டார். கூடத்தில் என்ன பேச்சு ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது, அவரைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

மாமா அவளை வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த ரேடியோவுக்கு அதிலேயே ஏரியல் இருக்கு மாமா, இழுத்தா நீளும்" என்றேன்.

"உனக்குத் தெரியாதும்மா. தொடர்லயும் ஒருத்தி இப்படித்தான் பரிஞ்சுண்டு வந்தா. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டா யார் பதில் சொல்றது?"

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு அறை கிடைத்தது. இடத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். "அவர் இஞ்ச வந்துதான் கதவைத் தட்டுவார் அக்கா. நீங்கள்தான் சொல்ல வேணும்." ரேடியோவைத் துண்டில் சுற்றி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறும் டிவியில் கோடு விழுந்தது. கம்பியும் மாடியில் அப்படியே இருந்தது. நான் எழுந்து விறுவிறுவென்று மாடி ஏறினேன். கம்பியில் மாமியின் ஒன்பது கஜப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. பழைய மூங்கில் ஒடிந்துபோனதால் கொத்தனாரை வைத்து மாமியே கட்டிக்கொண்ட மடிக்கொடி அது. அன்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கீழே வந்து சொன்னேன். மாமா எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "அது சரி, மடி உலர்த்தற இடத்துக்கு நீ எதுக்குப் போனே?"

கூடத்தில் இருந்த எல்லோரும் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்று சும்மா இருந்தது. என்னையும் வெளியே அனுப்பிவிட்டால் அந்த மனிதர் வரும்போது வழி சொல்ல ஆள் இருக்காது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட நான் தவறவிடவில்லை. "ஆமாம் மாமா" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒரு வாரம் தொடரில் ஊர்க்காரர்கள் தபால்காரரைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். "அவனும் அவா ஆள்தான்" என்றார் மாமா. எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் அழுத அழுகைக்கு இந்தி தெரிய வேண்டியதில்லை. கதை எழுதியவர் இழுக்கிறவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார், நாங்கள்தான் தபால்காரரையே முறைத்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. யாருக்கும் தெரியாத ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்தி.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு, தொடர் பாதியில் இருக்கும்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒட்டிய கன்னம், கையில் ஒரு பை, மடித்து மடித்துக் கிழிந்துபோன விலாசத் துண்டு. அவர் வாயைத் திறக்கும் முன்பே நான் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"யாரும்மா அது?" என்று உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

"நம்ம ஆள்தான் மாமா" என்று சொல்லிவிட்டு, அவரை மண்ணச்சநல்லூர் பஸ்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.