கையில் ஓடிய ஃபேன்

பஸ் பணிமனையில் அவருக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று இப்போது அவருக்கே நினைவில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வுபெறவில்லை. சத்தம் வந்தால் எங்கேயோ லூஸ் என்று அர்த்தம், முறுக்கினால் அடங்கும். இந்த ஒரே கொள்கையோடு காலத்தை ஓட்டிவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். அவர் மூடிய குழாயைத் திறக்க இரண்டு கை வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளில், அவர் மூடிவைத்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு மனைவி எதிர்வீட்டுக்குப் போவாள்.

"உங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லாதப்பதான் நீங்க டீயே குடிப்பீங்களோ?" என்று சிரித்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரி திறந்து கொடுப்பாள்.

மனைவிக்கு இளைப்பு உண்டு. படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரெல்லாம் பூஞ்சை. அந்த வாடைக்கு அவளுக்கு மூச்சு இழுக்கும். அதற்காகத்தான் அவர் அந்த ஃபேனை வாங்கிவந்தார். காற்றுக்குழாயின் நடுவில் உருளையாக உட்கார்ந்து, ஒரு பக்கம் ஈரக்காற்றை இழுத்து மறுபக்கம் வெளியே தள்ளுகிற வகை. படுக்கையறைக் கூரையை ஒட்டியே குழாயை ஓட்டி, ஃபேனை நாலு போல்ட் போட்டு கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக இறுக்கினார். பூஞ்சை போயிற்று. இளைப்பும் குறைந்தது. கூடவே மனைவியும் அறையை விட்டுப் போய்விட்டாள்.

ஃபேன் தலைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி சத்தம் போடுகிறது என்றாள். நிறுத்தினால் மூச்சு இழுத்தது, ஓடவிட்டால் தூக்கம் வரவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு ஹால் சோபாவுக்குக் குடிபோனாள். காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாலும் ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. அதுதான் அவரை அரித்தது. பார்க்க வந்த மகள், சோபாவில் கிடந்த தலையணையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இந்த வயசுல சண்டையா?" என்றாள். "ஃபேனோட சண்டைடி" என்று மனைவி சிரித்து மழுப்பினாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளை உள்ளே வா என்று கூப்பிட அவருக்கு வாயும் வரவில்லை. ஸ்பேனரை எடுத்தார்.

முறுக்கினார், சத்தம் கூடியது. நாலு போல்ட் எட்டாயிற்று. இப்போது அலமாரிக் கண்ணாடியும் சேர்ந்து பாட ஆரம்பித்தது.

"பஸ்ஸையே கிளப்பிட்டீங்க. டிக்கெட் எங்க வாங்கணும்?" என்றாள் மனைவி ஹாலிலிருந்து.

இன்னும் தடித்த போல்ட் போடுவது என்று முடிவுகட்டி, ஒரு நாள் காலை சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி எட்டு போல்ட்டையும் கழற்றினார். குழாயும் வயரும் மாட்டியபடியே ஃபேன் இரண்டு கையிலும் பிள்ளைபோல் கிடந்தது. கோளாறு ஃபேனிலேயே இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

"இந்தா, சுவிட்சைப் போடு."

"போட்டுட்டேன். ஓடலையே! உடைச்சுட்டீங்களா?"

"ஓடுதே. கையில அதிருது."

அவள் நம்பாமல் குளியலறையில் ஒரு துண்டை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். அதன் நுனியை மேலே இருந்த காற்றுக்குழாயின் வாய் இழுத்துக்கொண்டது. அவர் ஃபேனைக் கூரையில் அழுத்தினார். பழைய முனகல் வந்தது. விலக்கினார்; அடங்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி விலக்கினார். ஃபேன் அதிர்ந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை அறை முழுக்கப் பரப்பியது அவர் போட்ட போல்ட். பஸ் எஞ்சினை ரப்பர் மேல்தானே உட்கார வைப்பார்கள்? அந்த ரப்பரைத் தன் கையாலேயே எத்தனை தடவை மாற்றியிருக்கிறோம் என்று நினைத்தபோது ஏணியிலேயே அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்ப நீங்க அதைப் பிடிச்சுக்கிட்டே நில்லுங்க. நான் போய்த் தூங்குறேன்" என்றாள் மனைவி.

பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டி, போல்ட் இருந்த ஓட்டைகளில் கொக்கி மாட்டி, அவற்றிலிருந்து ஃபேனைத் தொங்கவிட்டார். சுருங்கி மடங்கிக் கிடந்த காற்றுக்குழாயில் தேவைக்கு மேலிருந்த நீளத்தை வெட்டியெறிந்து, நேராக நீட்டிப் பொருத்தினார். மடிப்புகளில் மோதிய காற்றின் சீறலும் தணிந்தது. ரப்பர் அறுந்தால் தலையில் விழாமலிருக்க ஒரு கம்பியைத் தொளதொளவென்று சுற்றிவிட்டார். அந்தத் தொளதொளப்பை அப்படியே விட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்குவதுதான் அன்றைக்கு அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

மதியம் அவள் கட்டிலுக்கு வந்தாள். தலையணை கொண்டுவரவில்லை. "சும்மா முதுகைச் சாய்க்கிறேன், அவ்வளவுதான்" என்று கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

அவர் சமையலறையில் போய் உட்கார்ந்தார். இருப்புக்கொள்ளவில்லை. ஏதோ கிரீச்சிட்டது போலிருக்க, பூனைபோல் உள்ளே வந்து கூரையைப் பார்த்தபடி நின்றார். ஃபேன் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற எதையும் அவர் கை சும்மா விட்டதில்லை.

"கையில என்ன?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"அந்த ஒண்ணுமில்லாததை அலமாரி மேல வச்சுட்டுப் போங்க."

வைத்தார். ணங்கென்றது.

"அப்படியே என் தலையணை ஹால்ல கிடக்கு, எடுத்துட்டு வாங்க. கை மரத்துப்போச்சு."

அவர் கொண்டுவருவதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. எழுப்பாமல் எப்படித் தலைக்கடியில் கொடுப்பது என்று தெரியாமல், தலையணையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.