தோளைக் கட்டிக்கொண்டு பொகவந்தலாவையிலிருந்து நுவரெலியாவுக்கு

கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, நீண்ட யோசனைக்குப் பிறகு, என் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். முடிவின் கனம் கருதி அதை வீட்டாருக்கு முறைப்படி அறிவித்தேன். மனைவி கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. வரலாற்றின் பல திருப்பங்கள் இப்படித்தான் கவனிக்கப்படாமல் போயிருக்கின்றன.

காரணம் கணினிப் பை. வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் சுருக்கென்றது. முந்தைய வாரம் கொழும்பில் ஒரு வைத்தியரிடம் போயிருந்தேன். கையை நாலு விதமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோள் எலும்பின் கூரைக்கு அடியில் தசைநார் உரசுகிறது என்றார். சில பயிற்சிகள், ஒரு ரப்பர் பட்டை, பையை மாற்றிப் போடச் சொல்லி ஒரு அறிவுரை. பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் ஒரு நோயாளி என்பதைக்கூட முழுதாக அனுபவிக்க முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை ராஜேஸ்வரி அக்கா அழைத்தார். என் பெரியம்மா மகள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வயது ஐம்பத்திரண்டு, சீனி வியாதிக்கு மாத்திரை எடுப்பவர். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருப்பதால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறார்.

"தம்பி, தலை வார முடியல. பக்கத்து வீட்டு மாரியாயிதான் வாரி விடுது. அது இழுக்கிற இழுவைக்கு மொட்டை அடிச்சிக்கலாம் போல இருக்கு."

"எத்தன நாளாக்கா?"

"சித்திரைத் திருவிழாவுக்கு முந்தியே புடிச்சிருச்சி."

திருவிழா முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இந்தப் பயணம் இப்படித்தான் நிகழ்ந்தது. மலையகத்துக்கு வருவோருக்கு இந்தத் தளத்தில் அருவிகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். போன பதிவின் கீழே ஒரு வாசகர், "கொழுந்து பறிக்கும் பெண்கள் கை உயர்த்தியபடி இருக்கும் படம் எடுக்க நல்ல இடம் எது?" என்று கேட்டிருந்தார். அவருக்கான பதிலும் இதில் இருக்கிறது.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம். கோபப்படக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு ஏறினேன். ஹட்டன் வரை காப்பாற்றினேன். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். டிக்கோயா தாண்டியதும் நீர்த்தேக்கம் தெரியும், பார்க்கலாம். நோர்வூட் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும், பார்க்காமல் இருப்பது நல்லது. தோள் வலிக்காரர்கள் நின்றுகொண்டு மேல் கம்பியைப் பிடிக்காதீர்கள். இடம் கிடைக்கும்வரை அடுத்த பேருந்துக்குக் காத்திருங்கள்.

பொகவந்தலாவை கடைத்தெருவில் ஆட்டோ பிடித்துத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"ஹோட்டலுக்காண்ணே, லயத்துக்கா?" என்றார் ஓட்டுநர்.

"லயத்துக்கு."

"அப்ப முந்நூறு கூட வரும். ரோடு மோசம்."

"ரெண்டும் ஒரே தோட்டம்தானே?"

"தோட்டம் ஒண்ணுதாண்ணே. ரோடு வேற."

ஆயிரத்து முந்நூறு கொடுத்தேன். பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அதன் வாசலில் ஒரு பலகை: களைத்த தோள்களுக்குத் தேயிலை எண்ணெய் மசாஜ். அதற்கு மேலே மலையில் அக்கா உட்பட முந்நூறு சொச்சம் பேர் தோளைக் களைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே தோட்டத்தில் கேள்வியும் பதிலும் இருக்கின்றன. நடுவில் ஒரு கேட் போட்டிருக்கிறார்கள்.

அக்கா வலது கையை வெள்ளைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். இடது கையால் தேநீர் ஊற்றினார். இதுவரை நடந்த வைத்தியத்தைக் கேட்டேன். முதலில் தோட்டத்து மருந்தகத்தில் வலி மாத்திரையும் தைலமும். பிறகு சுளுக்கு எடுப்பவர் ஒருவர் எண்ணெய் போட்டுக் கையை முறுக்கினார். அன்று இரவு முழுக்க அக்கா உட்கார்ந்தே இருந்தார். பிறகு ஓர் எக்ஸ்ரே. "எலும்புல ஒண்ணுமில்ல" என்றார்கள். ஒன்றுமில்லை என்று தோட்டம் அதைப் புரிந்துகொண்டது. தோளில் எலும்பைத் தவிர வேறு பொருள்களும் உண்டு என்ற செய்தி இன்னும் அந்த மலைக்கு ஏறவில்லை.

"சரி, இந்தக் கட்டு யாரு போட்டது?"

"ஆரம்பத்துல மருந்தகத்துல குடுத்தாங்க, ஒரு வாரத்துக்கு."

"ஒரு வாரம் முடிஞ்சி அஞ்சு மாசம் ஆச்சேக்கா."

"காலைல பெரட்டுக்கு வந்து பாரு. அப்ப தெரியும்."

போனேன். காலை ஆறரை மணி, பனி. பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். யாருக்கு எந்த மலை என்று கண்டாக்கு பிரிக்கிறார். கண்டாக்கு என்பவர் வெளிக்கள உத்தியோகத்தர். இவர் இளைஞர், தொப்பி அணிந்தவர். களத்தின் ஓரத்தில் ஆறு பெண்கள் வரிசையாகக் கையில் கட்டுடன் நின்றார்கள். ஏதோ யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் என்று நினைத்தேன். கண்டாக்கு அவர்களை ஒரு பார்வை பார்த்து, "கட்டுக்காரங்க எல்லாம் நாற்று மேடைக்கு" என்றார். நாற்றுக்கு உறையில் மண் நிரப்பும் வேலை. உட்கார்ந்து செய்யலாம், முழுப் பேர் விழும். மலைக்குப் போய் நிர்ணயித்த கிலோவைப் பறிக்காவிட்டால் அரைப் பேர், அதாவது முழு நாள் வேலைக்கு அரை நாள் கணக்கு.

கட்டுக்காரர்களில் மாரியாயியும் இருந்தார். அவருக்கு நோவு முழங்காலில்.

"முழங்காலுக்கு ஏன் கையில கட்டு?" என்று கேட்டேன்.

"காலுல கட்டினா சேலை மறைச்சிருதே தம்பி. கண்டாக்கையா கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

அங்கே கட்டு ஒரு சிகிச்சை அல்ல, அனுமதிச் சீட்டு. கட்டு இருந்தால் நோயாளி, இல்லையென்றால் கொழுந்துக்காரி. இதற்கென எழுதிய விதி எதுவும் இல்லை. எழுதியிருந்தால் யாராவது படித்துப் பார்த்து வெட்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

மறுநாள் விடியற்காலை முதல் பேருந்தில் ஹட்டன், அங்கிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா. மாறி ஏறும் நேரத்தையும் சேர்த்து நாலு மணி நேரம். நோகும் தோளை ஜன்னல் பக்கம் வைத்து, நடுவில் மடித்த கம்பளிச் சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் ஊர் முழுவதும் உங்கள் தோளில் இடித்துக்கொண்டு இறங்கும். தலவாக்கலை தாண்டி ஓரிடத்தில் சுற்றுலாப் பயணிகள் சேலை கட்டி, கூடை மாட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஜன்னல் வழியாகக் கவனித்தார்.

"நல்லாத் தூக்குறாங்க" என்றார். "கூடைல ஒண்ணுமில்ல போல."

நுவரெலியா ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், ஆனால் நகர்ந்தது. வைத்தியர் சிங்களவர், அக்காவிடம் சிங்களத்திலேயே கேட்டார், அக்கா சிங்களத்திலேயே சொன்னார். வைத்தியர் முதலில் கட்டை அவிழ்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்து நரம்பின் வலியும் தோளில் வந்து உட்காருமாம். கையைத் தூக்கச் சொன்னார். மார்பு உயரத்துக்கு வருமுன்பே நின்றது, அதுவும் தோள்பட்டை முழுவதும் சேர்ந்து எழும்பித்தான். அடுத்து முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். துருப்பிடித்த கதவு போல, திரும்பவில்லை.

அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். நோயாளியால் தூக்க முடியாமல், வைத்தியர் தூக்கினால் கை வந்தால், தசைநார் கிழிந்திருக்கலாம். அதற்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். பாதித் தூரத்தில் மட்டும் சுருக்கென்றால் பெரும்பாலும் உரசல். நோயாளி தூக்கினாலும் வராது, வைத்தியர் தூக்கினாலும் வராது, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது என்றால் அது உறைந்த தோள். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிவிட்டது. சீனி வியாதிக்காரர்களுக்கு இது அதிகம் வரும். கையை ஆட்டாமல் கட்டி வைத்தால் இன்னும் இறுகும்.

"எவ்வளவு காலமாகக் கட்டியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அக்கா சொன்னார். வைத்தியர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஏன் என்று கேட்டார். பெரட்டு விஷயத்தையும் அக்கா சொன்னார். வைத்தியர் படித்த புத்தகங்களில் அது இல்லை போலும்.

சீனியின் அளவைப் பார்த்தபின் மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார். சில நாளைக்குச் சீனி ஏறலாம், கவனமாக இருங்கள் என்றார். உடற்பயிற்சிப் பிரிவில் ஒரு பெண் மூன்று பயிற்சிகளைக் காட்டினார். குனிந்து நல்ல கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு நோகும் கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. ஒரு கம்பை இரு கைகளாலும் பிடித்து வெளியே தள்ளுவது. சுவரில் விரல்களால் ஏறுவது. இது மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல், ஆனால் பெரும்பாலும் கை திரும்பி வரும் என்றார். அக்கா அந்தக் கடைசி வாக்கியத்தை அவரைக் கொண்டு இரண்டு முறை சொல்ல வைத்தார். வைத்தியரின் கடிதத்தில் இரண்டு வரிகள்: ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கும் வேலையும் கையை உயர்த்தும் வேலையும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம்.

மறுநாள் பெரட்டில் அக்கா கட்டில்லாமல் போய் நின்றார். நானும் போனேன். கண்டாக்கு கடிதத்தைப் படித்தார். இரண்டாவது வரியைத் திரும்பவும் படித்தார்.

"கட்டு வேணாம்னு டாக்டரே எழுதியிருக்காரே. அப்ப சொகமாயிருச்சி."

"மொத வரியும் டாக்டர்தான் எழுதினாரு" என்றேன்.

"நீங்க யாரு சார்?"

"தம்பி."

"சார், நாளைக்கு எல்லாரும் கட்டு இல்லாம வந்து நோவுது நோவுதுன்னா நான் எதைப் பாத்து வேலை பிரிக்கிறது? வலி கண்ணுக்குத் தெரியுமா? கட்டு இல்லன்னா நோவு இல்லன்னுதான் கணக்கு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஐயா தொப்பி போட்டிருக்கீங்களே, தலைவலிங்களா?"

களம் முழுவதும் சிரித்தது. கண்டாக்கும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஆறாம் நம்பர் மலையைக் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் ஆகச் செங்குத்தான மலை அது. தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். உத்தியோகத்தர் ஒருவர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வெளிக்கள விஷயங்களை வெளிக்களம்தான் பார்க்கும் என்று விளக்கினார். ஹோட்டலில் தங்கியிருக்கிறேனா என்று விசாரித்து, இல்லை என்று தெரிந்ததும் விளக்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

மாலையில் அக்காவிடம் நான் ஒரு தந்திரம் சொன்னேன். "காலைல பெரட்டுக்கு மட்டும் கட்டிக்கிட்டு போங்கக்கா. நாற்று மேடையில அவுத்துட்டுப் பயிற்சி செய்யுங்க."

"கங்காணி பாப்பாரு. ஒருத்தியோட கட்டு பொய்யின்னு தெரிஞ்சா எல்லாருதையும் அவுக்கச் சொல்லுவாங்க. மாரியாயி அந்தக் காலை வச்சிக்கிட்டு ஆறாம் நம்பர்ல ஏறுவாளா?"

"அப்ப திரும்ப முழு நாளும் கட்டிக்கப் போறீங்களா?"

"போடா. கை வரும்னு அந்தப் புள்ள ரெண்டு தடவ சொல்லிச்சில்ல?"

கட்டைத் துவைத்துக் கொடியில் போட்டார். பிறகு சுவருக்கு எதிரே நின்று விரல்களால் ஏறத் தொடங்கினார். சுவரில் கோயில் காலண்டர் ஒன்று தொங்குகிறது. மேலே அம்மன் படம், கீழே தேதிகள். அன்று விரல் தேதிகளின் கீழ் விளிம்பைக்கூடத் தொடவில்லை.

இனி இதே பாதையில் ஒரு தோளைக் கூட்டிப்போக இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை, தலை வாரவோ இரவிக்கையின் பின் கொக்கியைப் போடவோ முடியவில்லை என்றால் திருவிழா வரை காத்திருக்க வேண்டாம். விழுந்த பிறகு கை தூக்க வரவில்லை என்றால் அந்த வாரமே போங்கள். கிழிந்த தசைநாருக்குக் காலதாமதம் ஆகாது. தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் அது தோளே அல்ல, பேருந்துக்குக் காத்திருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றால் எலும்பு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். முறுக்கி விடுபவரிடம் போகாதீர்கள். சீனி மாத்திரை, பழைய சீட்டுகள், முன்பக்கம் திறக்கும் சட்டை, சில்லறை நோட்டுகள் ஆகியவற்றை எடுத்துப்போங்கள். வைத்தியர் சொல்லாமல் கட்டைத் தொடர்ந்து போடாதீர்கள். யாராவது போடச் சொன்னால் அவர் வைத்தியரா, கண்டாக்கா என்று கேளுங்கள்.

கை உயர்த்தியபடி இருக்கும் படம் கேட்ட வாசகருக்கு: அக்கா நேற்று மாரியாயியைக் கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். விரல் தேதிகளைத் தாண்டி அம்மனின் பாதத்தைத் தொட்டிருக்கிறது. பிரசுரிக்க வேண்டாம் என்றார், அதனால் இங்கே இல்லை.

ஆறாம் நம்பர் மலையில் இப்போது இடது கையால் பறிக்கிறார். இந்த மாதம் முழுவதும் அவருக்கு அரைப் பேர் விழுந்திருக்கிறது.