ஏழாவது கட்டம்

வலது ஓரத்தில் முதல் ஆள் சீஃப். எங்கள் கூட்டத்துக்குப் பெரியவர், அரியானாக்காரர். இரண்டாவது ஒடிசாக்காரர், விமானத்தைச் சங்கிலியால் தளத்தோடு கட்டுகிறவர். மூன்றாவது நான். நான்காவது எண்ணெய்க் குழாய் பிடிக்கும் மலையாளி. ஐந்தாவது இழுவை வண்டி ஓட்டும் பஞ்சாபி. ஆறாவது தீயணைக்கும் ஆந்திராக்காரர். ஏழாவது, கடல் பக்கத்து ஓரத்தில், என் மச்சான். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். விளாத்திகுளத்துக்குப் பக்கம். ஏழு பேர் இடுப்பிலும் ஏழு காக்கித் துணிப் பைகள்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறவில்லை.

அந்தப் பை எதற்கென்று சொல்லிவிடுகிறேன். விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஒரு சின்ன ஆணிகூடக் கிடக்கக் கூடாது. ஜெட்டின் வாய் எதிரே இருக்கிற எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். ஒரு வாஷர் உள்ளே போனால் என்ஜின் போச்சு. அதனால் தினமும் காலையில், விமானம் கிளப்புவதற்கு முன், தோளோடு தோள் வரிசை கட்டி, குனிந்த தலை நிமிராமல், தளத்தின் விளிம்பு வரை நடப்போம். கண்ணில் பட்ட திருகாணி, வயர் துண்டு, பெயிண்ட் செதில் எல்லாம் பைக்குள் போகும். முடிவில் பையைத் தொட்டியில் கொட்டுவோம். பின்பாதித் தளம் எங்கள் ஏழு பேர் பங்கு. ஊரில் களை எடுக்கும்போது ஆளுக்கொரு நிரை பிடிப்போமே, அதே மாதிரி. உன் நிரையில் தப்பினது உன் தலையில்.

நடந்து முடித்ததும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு பேருக்கு ஏழு கட்டம். ஆனால் விளிம்பில் அடிக்கிற காற்றில் தாள் நிற்காது, கையுறையைக் கழற்றினால் பறந்துவிடும். அதனால் ஒரு பழக்கம் வந்திருந்தது. மேல்கட்டடத்தின் மறைவில் வரிசை சேரும்போதே எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். நடப்பது பிறகு. சீஃபே முதலில் போடுவார். மச்சான் மட்டும் போட மாட்டார். நடந்து முடித்து, அத்தனை தூரம் திரும்பி வந்து, கையுறையை வாயில் கடித்துக்கொண்டு போடுவார். சீஃப் திட்டுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு நாள் கேட்டேன், என்ன மச்சான் தினமும் இந்தக் கூத்து என்று.

“நடக்காத எடத்துக்கு எப்படி மாப்ளே கையெழுத்துப் போடுதது?” என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெரியவர்களின் குடும்பங்கள். ஜெட் ஏறுவதைக் காட்டுவதாக ஏற்பாடு. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மேலே ஏறி வந்துவிட்டார்கள். நாங்கள் அப்போது குறுக்கே போட்ட வெள்ளைக் கோட்டுக்கு வந்திருந்தோம். அதற்கு அப்பால் கடைசி விளிம்பு. அங்கேதான் அன்று பறக்க வேண்டிய ஜெட் நின்றது. தளத்துக்குப் பொறுப்பான ஆபீசர் கையைத் தூக்கினார். போதும், ஒதுங்குங்கள் என்றார். சீஃப் ஒரு தரம் விளிம்பைப் பார்த்தார், ஒரு தரம் ஆபீசரைப் பார்த்தார். ஒதுங்கினோம். மச்சான் மட்டும் கோட்டிலேயே நின்றார். இன்னும் பாக்கி இருக்கு சார் என்று இந்தியில் சொன்னார். ஆபீசர் முதுகைக் காட்டிக்கொண்டு விருந்தாளிகளிடம் போய்விட்டார். சீஃப் வந்து மச்சானின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

என்ஜினைக் கிளப்பினார்கள். அம்மியில் ஆணியைப் போட்டு அரைத்தால் என்ன சத்தம் வருமோ அது வந்தது. பின்னால் தீ கக்கி நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. பிரித்துப் பார்த்ததில் அரை விரல் நீளத்தில் ஒரு போல்ட்டு. ஜெட் நின்றது ஏழாவது நிரையில்.

மூன்றாம் நாள் விசாரணை. மேசையில் அந்தத் தாள். ஆறு கட்டத்தில் கையெழுத்து, ஏழாவது காலி. நடந்து முடிக்காததால் மச்சான் அன்று போடவில்லை. அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டி, இவர் தன் நிரையில் நடக்கவே இல்லை என்றார்கள். ஆபீசர் பாதியில் நிறுத்தினார் என்று மச்சான் சொன்னார். நிறுத்தவே இல்லை என்றார் ஆபீசர், கண்ணைக்கூட இமைக்கவில்லை. மச்சான் தன் பையை மேசையில் வைத்தார். என்ஜின் போன அன்று காலையில் பொறுக்கினது, கொட்டாமல் அப்படியே இருந்தது. எந்த நாள் பொறுக்கினதோ என்று தள்ளிவிட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். இது உன் கையெழுத்தா என்றார்கள். ஆமாம் என்றேன். அப்படியானால் விளிம்பு வரைக்கும் நடந்தீர்களா என்றார்கள். இந்தி புரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. நன்றாகப் புரிந்தது. இல்லை என்றால் நடக்காமல் கையெழுத்துப் போட்டவன் ஆவேன், வேலை போகும். ஆமாம் சார் என்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதையே சொன்னார்கள், எனக்குப் பின்னால் மூன்று பேர். மச்சானின் பதவியைப் பிடுங்கிக் கரையில் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பென்சனுக்குத் தேவையான வருசம் முடியும் முன்னே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கப்பலை விட்டு அவர் இறங்கிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. “நீரு உள்ளதச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டணும் மாப்ளே. தங்கச்சி மாசமா இருக்கா. ஒருத்தன் போனாப் போதும்” என்றார். அந்த இரக்கத்தின் மேலும் எனக்கு இன்று வரைக்கும் கோபம்தான். என் வாயைத் தைத்தது அதுதான். ஊரில் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரும் சும்மா இருக்கவில்லை, போல்ட்டு என்று பெயர் வைத்தது. டீக்கடையில் அவர் நுழைந்தால், ஏ போல்ட்டு, கீழ பாத்து வாரும் என்பார்கள். அவரும் சிரிப்பார். மிளகாய்ச் செடிக்கு நடுவே குனிந்த தலையோடு அவர் நடப்பதைப் பார்த்து அதற்கும் ஒரு சிரிப்பு. அதே கடையில் உட்கார்ந்து நான் டீ குடித்திருக்கிறேன். முழு வருசம் முடித்து, பென்சனோடு வந்தவன் நான்.

இப்போது நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன். அங்கேயும் ஒரு தாள் உண்டு. தீயணைக்கும் வாளிகளில் மணலும் தண்ணியும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துப் போட வேண்டிய கையெழுத்து. நாற்காலியை விட்டு எழாமலே போடுகிறார்கள். போன மாதம் ஒருவனிடம் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றான். அந்தக் கப்பல் ஆபீசரையும் போனில் பார்த்தேன், பழைய ஆள் ஒருவர் அனுப்பிய வீடியோவில். தலை நரைத்து, ஏதோ கல்லூரி மேடையில், ஒழுங்கைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசிக்கொண்டிருந்தார். கை தட்டினார்கள்.

மச்சான் இந்த மாசியில் போய்விட்டார். காயப் போட்ட மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பதினாறாம் நாள், சாப்பாட்டுப் பந்தி முடிந்து எல்லாரும் பந்தலில் இருந்தோம். அவருடைய சித்தப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, “ஒத்தப் போல்ட்டக் குனிஞ்சு பாத்திருந்தாம்னா இன்னைக்கு இவளுக்குப் பென்சன் வந்திருக்கும்” என்றார். மச்சானின் மனைவி தரையைப் பார்த்தாள். என் மனைவி அண்ணனின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு காக்கிப் பையை மடியில் வைத்திருந்தாள். என்னவென்று தெரியாமல் அதைக் கவிழ்த்தாள். ஒரு ரிவிட்டு, இரண்டு துண்டு வயர், கொஞ்சம் பெயிண்ட் செதில்.

நான் எழுந்தேன். அவர் நடந்தார், பாதியில் நிறுத்தினார்கள், நடக்காத இடத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் நான், பொய் சொன்னவனும் நான் என்றேன். சித்தப்பா மெல்லுவதை நிறுத்தினார். மச்சானின் மனைவி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுத மாட்டேன்.

என் மனைவி அழவில்லை. கொட்டினதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பைக்குள் போட்டாள். சுருக்கை இழுத்துக் கட்டினாள்.

“இத்தன வருசம் எங்கூட ஒரே தட்டுல தின்னுருக்கீங்க” என்றாள். பிறகு, “எம்புட்டுத் தூரம் நடக்காம விட்டீங்க?” என்று கேட்டாள்.

அது எனக்குத் தெரியும். விசாரணைக்கு மறுநாள், தளம் காலியாக இருந்தபோது, வெள்ளைக் கோட்டிலிருந்து விளிம்பு வரைக்கும், ஊரில் நிலம் அளப்பது போலக் காலால் அளந்து வைத்திருந்தேன்.

நாற்பத்தொரு தப்படி.