த்ருவா-ரிவியேர் வரை, லொறிக்கு முன்னால்

காலை 7.10. மொன்றியல் தீவின் கிழக்கு முனையான புவான்ட்-ஓ-ட்ராம்பிளில், ஒரு சைக்கிள் கடையின் முற்றத்தில் நாங்கள் நால்வரும் நின்றோம். எண்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இங்கிருந்து 138ஆம் இலக்க வீதியில், சென் லோரன்ஸ் ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு த்ருவா-ரிவியேர் வரை 118 கிலோமீற்றர். எஞ்சின் பூட்டிய சைக்கிள்களுக்கான குழுப் போட்டி. ஆளுக்கு எட்டு டொலர் கட்டணம். மதியத்துக்கு ஒரு சான்ட்விச்சும் அதற்குள் அடக்கம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற உங்களை யார் இதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து நாங்களாகத்தான் போனோம்.

பதிவுத் தாளில் நாடு என்றொரு கட்டம் இருந்தது. இரண்டு வருடமாக நான் நிரப்பிய தாள்களில் எல்லாம் அந்தக் கட்டம்தான் முதலில் நின்று முறைக்கும். அன்றைக்கு அதில் ‘மொன்றியல்’ என்று எழுதினேன். போட்டியை நடத்துகிற கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்து, சூட்டு நாட்டுக்காரர்கள் பாதி வழியிலிருக்கிற பெர்த்தியேவில்லோடு திரும்பிவிடுவீர்கள் என்றார். எங்களுக்கு 14ஆம் இலக்கம் கிடைத்தது.

எங்கள் நால்வரில் மூத்தவர் நேசதுரை அண்ணை. மட்டக்களப்புக்காரர், நாற்பத்துநாலு வயது, ஊரில் நெல் லொறி ஓடியவர். இங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு சாமான் கிடங்கில் வேலை. நான்கு பழைய சைக்கிள்களுக்கும் எஞ்சின் பூட்டியது அவருடைய கைதான். குகனும் அன்ரனும் திருகோணமலைச் சகோதரர்கள். மூத்தவன் குகனுக்கு மாலை வகுப்புப் பிரெஞ்சு கொஞ்சம் வரும். நான் யாழ்ப்பாணம், வெங்காயத் தோட்டக்காரன் மகன், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். எஞ்சின் என்றால் எனக்கும் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு.

7.45. விதிகளை உரக்க வாசித்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு பேர். நாலாவது ஆள் போய்ச் சேருகிற நேரம்தான் குழுவின் நேரம். கயிறு கட்டி இழுக்கக்கூடாது. பின்னேரம் மூன்று மணிக்கு முடிவிடம் மூடப்படும். கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு லொறி வரும். ஓட முடியாதவர்களைச் சைக்கிளோடு அதில் ஏற்றுவார்கள். ஒருவன் ஏறினாலும் குழு முழுவதும் கழிக்கப்படும். அறிவித்தலில் இதை உதவி வண்டி என்று குகன் எங்களுக்கு வாசித்திருந்தான். பிழை இல்லை, அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் முற்றத்தில் நின்றது பச்சைப் படங்குச் சீலையால் மூடிய லொறி, பின்கதவு கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

நேசதுரை அண்ணை அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய லொறியை இராணுவம் மறித்து, நெல் மூட்டைகளை வீதியில் தள்ளிவிட்டு, ஊர் ஆம்பிளைகளை அதில் ஏற்றியது. அவரையும் ஏற்றியது. தன்னுடைய லொறியிலேயே பின்னால் குப்புறக் கிடந்து முகாமுக்குப் போனார். ஐந்து மாதம் கழித்து அவர் வெளியே வந்தார். லொறி வரவேயில்லை. மொன்றியலிலும் கிடங்கில் சாமான் இறக்குவாரே தவிர, எந்த லொறிக்குள்ளும் கால் வைக்கமாட்டார். பெட்டிகளை விளிம்புவரை மற்றவர்கள் தள்ளிக்கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளன் ஏசினால் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்து காட்டி அவன் வாயை அடைப்பார்.

“நான் அதுல ஏறமாட்டன், தம்பி. செத்தாலும் ஏறமாட்டன். வீட்ட போவமா?” என்றார்.

“ஏற வேண்டி வராது அண்ணை. அது என்ர பொறுப்பு,” என்றேன்.

ஆனால், முதல்நாள் நான் ஒரு கெட்டித்தனம் செய்திருந்தேன். எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். ஊர் முழுக்க அப்படித்தான் இறைத்தது. தோட்டத்துக்கு ஒத்துவந்தது சைக்கிளுக்கு ஒத்துவராதா, பெற்றோல் காசும் மிச்சம்தானே என்ற நினைப்பில், ஒருவருக்கும் சொல்லாமல், நான்கு தாங்கியிலும் பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்து வைத்திருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கௌரவம் விடவில்லை.

8.00. பதினொரு குழு, நாற்பத்துநான்கு எஞ்சின். எல்லாம் ஒன்றாக அலறிக் கிளம்பியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவு உடையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாலம் கடந்து ரப்பான்டினி, 8.20. பிறகு வீடுகள் குறைந்து, சோளமும் புல்லும் மாறி மாறி வந்தன. ஒவ்வோர் ஊருக்கும் வெள்ளிக் கூரை போட்ட ஒரு தேவாலயம், அதைச் சுற்றிப் பத்துக் கடை. லாவால்த்ரியில் கிழவர்கள் மடக்குக் கதிரை போட்டு வீதியோரம் இருந்து கை தட்டினார்கள். எங்களைக் கண்டதும் ஒரு கணம் தட்டுவதை நிறுத்தி, பிறகு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

9.45. லனோரே. வீதியின் இடப்பக்கம் புகையிலை. ஆளுயரப் புகையிலை. எங்கள் செம்மண்ணில்தான் அது விளையும் என்று இருந்த எனக்கு, இந்தக் குளிர் நாட்டு மணலில் அது கொழுத்து நிற்பதைப் பார்க்கக் கோபமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில், இலை முறித்துக்கொண்டிருந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார்.

குகன் மொன்றியல் என்றான்.

அதற்கு முதல்?

“அதுக்கு முதலும் ஒரு ஊர் இருந்தது எண்டு சொல்லு,” என்றான் அன்ரன். “இப்ப ஓட வேணும், பேந்து வந்து கதைக்கிறம் எண்டு சொல்லு.”

10.40. பெர்த்தியேவில், 55 கிலோமீற்றர். அட்டையில் முத்திரை குத்தி சான்ட்விச்சைத் தந்தார்கள். எங்கள் எஞ்சின்கள் அதற்குள் இருமத் தொடங்கியிருந்தன. பிளக்குகளைக் கழற்றினால் அடுப்புச் சட்டியின் அடிபோலக் கரி. நேசதுரை அண்ணை நான்கையும் சுரண்டிப் பூட்டினார். என்னுடைய சான்ட்விச்சை அன்ரனிடம் கொடுத்துவிட்டேன்.

11.20. ஏழு கிலோமீற்றர் தாண்டியதும் அவருடைய எஞ்சின் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் போட்டு இறுகிவிட்டது. பிஸ்டன் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். மற்றக் குழுக்கள் எல்லாம் முன்னால். பின்னால் அந்தப் படங்கு லொறி மட்டும், நூறு மீற்றர் தள்ளி, பொறுமையாக நின்றது.

கயிறு கட்டக்கூடாது என்றுதானே விதி. காலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஊரில் மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். எஞ்சினைச் சங்கிலியிலிருந்து கழற்றிவிட்டு அவர் ஏறி இருக்க, பக்கத்தில் ஓடிக்கொண்டே நான் வலது காலை நீட்டி அவருடைய பின் கரியரில் வைத்துத் தள்ளினேன். கால் மரத்துப்போனால் குகன், அவனுக்குப் பிறகு அன்ரன். மணிக்குப் பதினாறு கிலோமீற்றருக்குமேல் போகாது. லொறிச் சாரதி ஜில் தடித்த மனிதர், சிவந்த கழுத்து. ஜன்னலால் தலையை நீட்டி எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று தள்ளினோம்.

12.50, லூயிஸ்வில். எண்ணெய் நிலையத்தில், பெற்றோலில் அழுக்கு என்று நான் சாட்டுச் சொல்ல, மூன்று தாங்கியையும் கவிழ்த்து ஊற்றிவிட்டு, ஒயில் கலந்த பெற்றோல் நிரப்பினோம். 1.40, யமாஷீஷ். ஆறு அங்கே ஏரியாக அகன்று கிடக்கிறது. காற்று நேரே முகத்தில் அடித்தது. 2.30, புவான்ட்-து-லாக். இன்னும் 13 கிலோமீற்றர் இருக்க, தள்ளித் தள்ளிக் கொதித்த என் எஞ்சினும் நின்றது. குகன் தன் காலை நீட்டினான்.

“போதும். இனி உன்ட எஞ்சினும் சாகும். காலை எடு,” என்றார் நேசதுரை அண்ணை. பெடலில் எழும்பி நின்று மிதிக்கத் தொடங்கினார். செத்த எஞ்சினும் சேர்ந்து அந்தச் சைக்கிள் ஒரு மூட்டைப் பாரம். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நானும் மிதிக்க, நாங்கள் மூவரும் அவரோடு அணைந்தே போனோம்.

3.00. லொறி பக்கத்தில் வந்து நின்றது. ஜில் இறங்கி, மணிக்கூட்டைக் காட்டிப் பின்கதவைத் திறந்தார். சிரிப்பு இல்லை. நேரம் முடிந்தது, விதி விதிதான், ஏறுங்கள் என்றார்.

நேசதுரை அண்ணை ஒரு காலை நிலத்தில் ஊன்றினார். “குகன், இவருக்குச் சொல்லு. நானும் லொறி ஓடினவன். என்ட லொறியில என்னைப் பின்னால போட்டுக் கொண்டுபோனவங்க. பின்னுக்கு இருந்து பாத்தா ரோட்டு எப்பிடித் தெரியும் எண்டு எனக்குத் தெரியும். திரும்ப நான் அதைப் பாக்க மாட்டன். பொலிஸைக் கூப்பிடச் சொல்லு, விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொல்லு. நான் என்ட காலாலதான் போவன்.”

குகனின் பிரெஞ்சு அவ்வளவு தூரம் போகுமா என்று பயந்தேன். போனது. ஜில் கேட்டுவிட்டுப் பின்கதவைப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கி மூடி, கொக்கி போட்டார்.

“முடிவிடத்து மேசையும் கூடாரமும் என் லொறியில்தான் திரும்ப வேண்டும்,” என்றார். “நான் போகாமல் அவர்கள் எப்படிக் கடையைக் கட்டுவார்கள்?”

அடுத்த எட்டுக் கிலோமீற்றரும் அவர் மணிக்குப் பத்து வேகத்தில், மினுக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தபோது கையை வெளியே போட்டு அவர் சொன்ன வார்த்தைகளை மாலை வகுப்பில் படிப்பிக்கவில்லை என்றான் குகன்.

3.52. த்ருவா-ரிவியேர் இறங்குதுறை. கூடாரத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, கடைக்காரர் மேசையில் குந்தியிருந்தார். மூன்று மணிக்குப் பிறகு கணக்கில்லை என்று தாளை மடிக்கப் போனார். நேசதுரை அண்ணை கையை நீட்டிப் பேனாவை வாங்கி, 14ஆம் இலக்கத்துக்கு நேரே தானே எழுதினார்: நான்கு பேர், 3.52. கடைக்காரர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எழுதியதை அடிக்கவில்லை, வெட்டவில்லை. அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தார்.

சைக்கிள்களை லொறியில் ஏற்றிவிட்டு, குகனும் அன்ரனும் பஸ்ஸுக்குப் போனார்கள். நேசதுரை அண்ணையும் அவர்களோடு போகத் திரும்பினார். ஜில் முன்கதவைத் திறந்துவிட்டு நின்றார். அண்ணை படியில் கால் வைத்து ஏறி இருந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். அவருக்கு முன் ஏறிய நான் நடுவில் நெருங்கி இருந்தேன்.

போகும்போது எட்டு மணித்தியாலம் எடுத்த வீதி, திரும்பும்போது இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. மாஸ்கினோஞ்சே தாண்டி, எஞ்சின் இறுகிய இடம் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணை, பிழை என்ர. நான்தான் மண்ணெண்ணெய் கலந்தனான்.”

“தெரியும்,” என்றார், வீதியைப் பார்த்தபடி. “காலமை ஸ்டார்ட் பண்ணக்குள்ளேயே மணந்தது.”

“பிறகேன் ஓடினீங்கள்? நான் பொறுப்பு எண்டதை நம்பியோ?”

“உன்னை ஆர் நம்பின? நான் என்ட காலை நம்பினன்.”

லனோரேப் புகையிலை இப்போது வலக்கைப் பக்கம் வந்தது. வளைவுகளில் அவருடைய வலது கால் தன்பாட்டில் லொறித் தரையை அழுத்துவதைக் கண்டேன். அங்கே பிரேக் இல்லை. புவான்ட்-ஓ-ட்ராம்பிளில் கடை முற்றத்துக்குள் லொறியைப் பின்பக்கமாக விட வேண்டும். ஒடுங்கின வாசல். ஜில் இரண்டு முறை முயன்று மதிலில் உரசப்போனார். மூன்றாம் முறை எஞ்சினை நிறுத்தித் திறப்பை உருவிக்கொண்டு இறங்கி, சுற்றி வந்து, அண்ணையின் பக்கத்துக் கதவைத் திறந்து அதை நீட்டினார். அண்ணை அதை வாங்கி, சுற்றிப் போய்ச் சாரதி இடத்தில் ஏறினார். நான் இறங்கிப் பின்னால் ஓடி, ஊர் வழக்கப்படி லொறியின் உடம்பில் தட்டி, “வரட்டும், வரட்டும்,” என்றேன். அண்ணை என் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரே தரத்தில் உள்ளே விட்டார்.